நடக்கிறோம்... இதயம் உழைக்கிறதா?

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை காலை ஆறு மணிக்கெல்லாம் நிறைந்துவிடுகிறது. கணவன் மனைவியாக, நண்பர்களாக, ஓய்வுபெற்ற சக ஊழியர்களாக நாலைந்து பேர் சேர்ந்து நடக்கிறார்கள். பேரனின் அட்மிஷன், சைட் விலை, நேற்றைய மேட்ச் என்று பேச்சு நிற்காமல் ஓடுகிறது. மணிக்கட்டில் வாட்ச், அதில் ஏறிக்கொண்டே போகும் காலடிக் கணக்கு. சென்னை மெரினாவிலும் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் இதே காட்சிதான். இப்படி வருடக்கணக்கில் நடப்பவர்கள் பலரிடம் ஓர் ஆதங்கம் இருக்கிறது. "ஒரு நாள் விடாம நடக்கிறேங்க. சுகரும் குறையல, தொப்பையும் குறையல."

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அந்த நடையில் இதயம் எவ்வளவு உழைத்தது என்று மட்டும் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. டாக்டர் "வாக்கிங் போங்க" என்கிறார். அரை மணி நேரம் என்றும் சொல்லக்கூடும். எந்த வேகத்தில் என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. மாத்திரை என்றால் 500 மில்லிகிராமா 1000-ஆ, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதித் தருகிற அதே சீட்டில் உடற்பயிற்சிக்கு மட்டும் அளவே இருப்பதில்லை. நேரமும் தீவிரமும் சேர்ந்ததுதான் பயிற்சியின் அளவு. நேரத்தை எண்ணுகிறோம், காலடியை எண்ணுகிறோம், தீவிரத்தை விட்டுவிடுகிறோம்.

இது நமக்கு அவசரமான விஷயம். தமிழகம் உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய இன்டியாப் ஆய்வு, 2014-ல் வெளிவந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது 54.4 சதவீதம் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி, விளையாட்டு என்று எதையாவது செய்பவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டினரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் முடியாத வயது அது.

லண்டன் பஸ் சொன்ன பாடம்

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்களால் முதலில் காட்டியவர் ஜெர்மி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டனின் இரட்டை மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். அதே பஸ், அதே சாலை, அதே ஊர். கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கே மாரடைப்பு அதிகம் வருகிறது, வந்தால் உயிர் போவதும் அதிகம் என்று 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் எழுதினார்.

உடனே ஒரு சந்தேகம் எழுந்தது. குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ? மாரிஸ் அதையும் விடவில்லை. போக்குவரத்துக் கழகம் சீருடை தைக்க வைத்திருந்த இடுப்பளவுப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான டிரைவர்களுக்கும் அதே ஆபத்து இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலை இவ்வளவு பிரபலம் ஆகவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மேஜை வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களை எடுத்துக்கொண்டு, வேலை நேரம் போக மற்ற நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். தோட்ட வேலை, சாவகாசமான நடை ஆகியவற்றால் மாரடைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. நீச்சல், விறுவிறுப்பான விளையாட்டு, மணிக்கு ஆறரை கிலோமீட்டருக்குக் குறையாத வேக நடை என்று இதயத்தை உண்மையாகவே வேலை வாங்கியவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது. மாரிஸ் தானும் நீந்தினார், நடந்தார். 2009-ல் இறந்தபோது அவருக்கு வயது 99.

அப்படியென்றால் மெதுவாக நடப்பது வீணா? இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களின் காலடிகளைக் கருவி வைத்து எண்ணினார்கள். தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பத்தாயிரம் என்ற இலக்கே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியின் விளம்பரத்திலிருந்து பரவியதுதான். மொத்த அடிகளைக் கணக்கில் எடுத்த பிறகு, வேகம் தனியாகப் பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்லியது. ஆகவே எழுபதைத் தாண்டிய அம்மா மெதுவாகத்தான் நடக்கிறார் என்றால் விடுங்கள், நடக்கட்டும். நாற்பதிலும் ஐம்பதிலும் இருந்துகொண்டு அதே வேகத்தில் நடப்பவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

வேகம் கூடும்போது உள்ளே நடப்பது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நன்றாக வேகம் எடுத்தால் சாதாரண மனிதருக்கே அது பதினைந்து, இருபது லிட்டர் வரை போகும். துடிப்பும் கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தமும் கூடுகிறது. இப்படி அடிக்கடி வேலை வாங்கப்படும் இதயம் சில மாதங்களில் பழகி, ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் பயிற்சி பெற்றவர்களுக்கு ஓய்வு நேரத் துடிப்பு குறைகிறது. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்றால், தடகள வீரர்களுக்கு 40-களில் இருப்பதும் உண்டு.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு லாபம். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தொடைத் தசை போன்ற பெரிய தசைகள் கடுமையாக வேலை செய்தால் இழுப்பும் அதிகம். பேசிக்கொண்டே போகிற நடையில் அந்தத் தசைகளுக்குப் பெரிய வேலையே இல்லை.

ஜிம் டிரெட்மில்களில் 'கொழுப்பு கரையும் வேகம்' என்று ஒரு வரைபடம் ஒட்டியிருப்பார்கள். மெதுவான பயிற்சியில் செலவாகும் சக்தியில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் மொத்தச் செலவே குறைவு. அதை நம்பி வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

220 எங்கிருந்து வந்தது?

சரி, எவ்வளவு துடிக்க வேண்டும்? 220-லிருந்து வயதைக் கழித்தால் உங்கள் உச்சத் துடிப்பு. அதில் இத்தனை சதவீதம் என்று ஜிம் சுவரிலிருந்து ஸ்மார்ட் வாட்ச் வரை எல்லோரும் சொல்கிறார்கள். 1971-ல் சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹேஸ்கல் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கணக்கு இது. அதற்கென்று தனி ஆய்வு எதுவும் நடக்கவில்லை. கைக்குக் கிடைத்த பழைய தரவுகளை வரைபடத்தில் குறித்து, கண்ணுக்குத் தெரிந்த போக்கில் ஒரு கோடு இழுத்தார்கள். எளிதாக இருந்ததால் அது நிலைத்துவிட்டது. 2001-ல் ஹிரோஃபுமி டனாகா குழுவினர் 351 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பதே பொருத்தம் என்றார்கள். 2010-ல் மார்த்தா குலாட்டி குழுவினர் பெண்களுக்கென்று தனிக் கணக்கு தந்தார்கள்: வயதை 0.88-ஆல் பெருக்கி 206-லிருந்து கழிக்க வேண்டும். அதுவரை பெரும்பாலும் ஆண்களை வைத்துப் போட்ட கணக்கைத்தான் பெண்களும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

எந்தச் சூத்திரமானாலும் அது சராசரி. ஒரே வயதுள்ளவர்களின் உண்மையான உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு கூடுவதும் குறைவதும் சர்வ சாதாரணம். இருபது வித்தியாசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். சூத்திரம் 168 என்று சொல்லும் 52 வயதுக்காரருக்கு நிஜத்தில் அது 150-ஆகவும் இருக்கலாம், 185-ஆகவும் இருக்கலாம்.

இதைவிட நம்பகமான வழியை 1957-லேயே ஃபின்லாந்தின் மார்ட்டி கார்வோனென் காட்டிவிட்டார். ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் சேர்ப்பதுதான் அவருடைய முறை. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே துடிப்பை எண்ணுங்கள். 52 வயது, ஓய்வில் 72 என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 168-லிருந்து 72-ஐக் கழித்தால் 96. அதுதான் இதயம் கையில் வைத்திருக்கும் இருப்பு. அதில் 40 முதல் 60 சதவீதம் வரை செலவழித்தால் மிதமான பயிற்சி: அதாவது 110-லிருந்து ஏறக்குறைய 129 வரை. அதற்கு மேல் போனால் தீவிரம். அதே வயதில் ஓய்வுத் துடிப்பு 58 உள்ள இன்னொருவருக்கு 124-லேயே தீவிரம் தொடங்கிவிடும். இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள், இரண்டு வாட்ச்சும் 126 காட்டுகிறது. ஒருவருக்கு அது மிதம், மற்றவருக்குத் தீவிரம். பக்கத்தில் நடப்பவரின் எண்ணை எட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

வாட்ச்சும் விரலும்

பயிற்சியின் நடுவே துடிப்பைக் கம்பியில்லாமல் அளக்கும் கருவி ஃபின்லாந்தில் பிறந்தது. பனிச்சறுக்குப் பயிற்சியாளர் ஒருவர், வீரர்களின் துடிப்பை ஓட்டத்தின்போது அளக்க வழியில்லை என்று குறைப்பட, அதைக் கேட்ட பேராசிரியர் செப்போ சாய்னாயாகங்காஸ் 1977-ல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்பில் கட்டும் அந்தப் பட்டை இதயத்தின் மின் சைகையையே பிடிப்பதால் இன்றும் அதுதான் துல்லியம்.

மணிக்கட்டு வாட்ச் வேறு வகை. அடியில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் போய்த் திரும்புகிறது. ரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப திரும்பும் ஒளி மாறுவதை வைத்து அது எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், கை வேகமாக வீசினால் அது குழம்பும். சில சமயம் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணிவிடும். வேக நடையில் நிமிடத்துக்கு 120, 130 அடி வைக்கிறோம். துடிப்பும் அதே அளவில் இருப்பதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராதபடி கட்டுங்கள்.

வாட்ச் இல்லாதவர்கள் குறைப்பட வேண்டியதில்லை. உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்புங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே, எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் இருக்கும். மற்ற கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதன் துடிப்பே குறுக்கே வரும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும், லேசாகத் தளர்த்தினால் தட்டும். நடையை நிறுத்திய உடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும், தவறான எண் கிடைக்கும்.

இதைவிட எளியது பேச்சுச் சோதனை. சரளமாகப் பேச முடிந்து, பாட முடியாமல் போனால் மிதமான வேகம். மூச்சு வாங்காமல் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் தீவிரம். பாட்டே பாட முடிகிறது என்றால் இதயம் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. உழைப்பு எவ்வளவு என்று உடம்பே சொல்வதை நம்பலாம் என்பதற்கு ஸ்வீடனின் குன்னர் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோலே வகுத்தார். நீங்கள் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் பெரும்பாலும் துடிப்புக்கு அருகில் வரும் என்பதால்தான் அந்த 6-ம் 20-ம். சென்னை வெயிலில் இது கூடுதலாக உதவும். புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போவதால், ஜனவரியில் 120 துடித்த அதே நடைக்கு மே மாதம் 135 துடிக்கும். அன்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு செய்யும் வேலை குறைந்துவிடவில்லை.

மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் நிதானம்

நடையை மாற்ற நினைப்பவர்களுக்கு நான் பார்த்தவற்றில் மிக நல்ல வழி ஜப்பானின் மட்சுமோட்டோ நகரிலிருந்து வந்தது. அங்குள்ள ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி நோஸே குழுவினர், சராசரியாக 63 வயதுள்ள 246 பேரை வைத்து ஐந்து மாதம் நடத்திய ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் பயிற்சியே செய்யவில்லை. இன்னொரு பிரிவினர் ஒரே மிதமான வேகத்தில், நடக்கும் நாளில் 8,000 அடிக்குக் குறையாமல் நடந்தார்கள். மூன்றாவது பிரிவினர் மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஐந்து சுற்றாவது நடந்தார்கள், வாரத்தில் நாலு நாளுக்குக் குறையாமல். ஐந்து மாதத்தில் இவர்களின் முழங்காலை நீட்டும் தசை வலு 13 சதவீதமும், ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் 9 சதவீதமும் கூடியிருந்தன. ரத்த அழுத்தமும் மற்றவர்களைவிட நன்றாகவே இறங்கியது. ஒரே வேகத்தில் நடந்தவர்களுக்கு இந்த அளவு பலன் இல்லை.

செலவில்லை, கருவி வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் வழக்கம்போல் நடங்கள். பிறகு முழங்கையை மடித்து, பார்வையை முன்னே வைத்து, அடியைச் சற்று நீட்டி, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் நடக்கும் வேகம். பேச்சு தானாக நின்றுவிடும். இரண்டாவது நிமிடத்தில் தொடை இறுகுவது தெரியும், மூன்றாவதில் வாய் திறந்து மூச்சு வரும். மூன்று நிமிடம் ஆனதும் சாதாரண நடைக்கு வந்துவிடுங்கள். கூட வரும் நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த மூன்று நிமிடம் மட்டும் சைட் விலை காத்திருக்கட்டும்.

நேரமே இல்லை என்பவர்களுக்கும், முக்கியமாக வீட்டு வேலையில் காலை முழுவதையும் கொடுத்துவிடும் பெண்களுக்கும், நம்பிக்கை தரும் செய்தி 2022-ல் வந்தது. தனியாக உடற்பயிற்சியே செய்யாத 25,241 பிரிட்டன்காரர்களின் மணிக்கட்டுக் கருவிப் பதிவுகளை ஆஸ்திரேலியாவின் இமானுவேல் ஸ்டாமடாக்கிஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். மாடிப்படி ஏறுவது, கனமான பையோடு விரைவது என்று ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும் வேலை நாளுக்கு மூன்று முறை வாய்த்தவர்களிடையே, இதயநோய் மரணம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. அதுதான் காரணம் என்று இந்த வகை ஆய்வு அறுதியிட்டுச் சொல்லிவிடாது. ஆனால் அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பதால் கால்தான் வலிக்கும், இதயத்துக்குப் பயிற்சி ஆகாது. இரண்டாம் மாடிக்கு வேகமாக ஏறினால் ஆகும். உலக சுகாதார நிறுவனமும் 2020 முதல், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடம் தீவிரமாகவோ செய்யச் சொல்கிறது.

யார் நிதானிக்க வேண்டும்?

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே பாய்ந்துவிடக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். பிபிக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மேலே சொன்ன எந்தத் துடிப்புக் கணக்கும் பொருந்தாது. ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தரப்படும் ப்ரோப்ரனலாலும் இதே வகைதான். துடிப்பை உயர விடாமல் பிடிப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. வாட்ச் காட்டும் 120-ஐத் துரத்தினால் அளவுக்கு மீறிப் போய்விடுவார்கள். இவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் துணை.

நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை, இதயத்தை ஆளும் நரம்புகளைப் பாதித்திருந்தால் ஓய்வில் துடிப்பு 100-ஐத் தொட்டு நிற்கும், வேகமாக நடந்தாலும் அதிகம் ஏறாது. மாரடைப்பின் வலிகூடத் தெரியாமல் போகலாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வேக நடையில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதை நினைவில் வைத்து, பையில் இனிப்போ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். பீட்டா பிளாக்கரும் சேர்ந்திருந்தால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாது. பெரும்பாலும் வியர்வைதான் எச்சரிக்கை.

நடக்கும்போது மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 'கேஸ்' என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சுகர், பிபி, புகைப்பழக்கம் அல்லது குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், தீவிரப் பயிற்சிக்கு முன் டாக்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால் டி.எம்.டி. எழுதுவார். மார்பில் ஒயர்களோடு டிரெட்மில்லில் ஏற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சரிவையும் வேகத்தையும் கூட்டும் அந்தச் சோதனையில் முடிவு 'நெகட்டிவ்' என்று வந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறோம். இன்னொன்றையும் கேளுங்கள்: நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது? கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 2,428 பேரை ஆறு ஆண்டு பின்தொடர்ந்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஒரு நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்கு, மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், மரண ஆபத்து இரு மடங்காக இருந்தது.

ஜிம்மில் சரிந்து விழுந்தவர்களைப் பற்றிய செய்திகள் பலரை மிரட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அமெரிக்க ஆண் மருத்துவர்களை 12 ஆண்டு கவனித்து 2000-ல் வெளியான ஆய்வு, சுமார் 15 லட்சம் முறை கடுமையாக உழைத்தால் ஒரு திடீர் மரணம் என்று கணக்கிட்டது. வழக்கமாகக் கடும் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. பழகாத உடம்பை ஒரே நாளில் முறுக்குவதுதான் ஆபத்து. முதல் நாளே பர்ப்பீஸ் போட வைக்கும் டிரெய்னரிடம் "முடியாது" என்று சொல்லலாம். உலகத் தரத்து ஓட்ட வீரர்களே தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எளிதான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்று நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் காட்டியிருக்கிறார்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். அந்தப் பாதைகளில் முந்நூறு மீட்டருக்கு ஒரு கோடு போடலாம். வேகமாக நடப்பவர் மூன்று நிமிடத்தில் கடக்கும் தூரம் அது. இந்தக் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை வேகமாக, பிறகு அடுத்தது வரை நிதானமாக என்று இரண்டு வரி எழுதி வைக்கலாம். நாடியை எங்கே தொட்டுப் பார்ப்பது என்று ஒரு படமும், பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வரி எச்சரிக்கையும் பக்கத்தில் இருந்தால் போதும். பெயின்ட் செலவுதான் ஆகும்.